சமையல் சோடாப் பனி

அட்டன்பி போர்க்கலைக் கழகத்துக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. மெதடிஸ்ட் சபையின் கூடத்தைச் சனிக்கிழமைகளில் வாடகைக்கு எடுத்துக்கொள்ளும். குழந்தைகள் குட்டிக்கரணம் போடும் பாய்களைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு, நடுவில் மேஜைகளைச் சேர்த்துப் போட்டு, சுண்டுவிரல் உயரப் பொம்மைகளை நிறுத்தி, ஐம்பது வயது தாண்டிய ஆண்கள், அரசருக்கும் பாராளுமன்றத்துக்கும் எப்போதோ நடந்த உள்நாட்டுப் போரைத் திரும்ப நடத்தி, இங்கிலாந்தின் தலையெழுத்தைத் தீர்மானிப்பார்கள். கழகத் தலைவர் திரு பியர்ட்சல் ஆயுள் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆனாலும் கூடத்துக்குள் அவரைக் கர்னல் என்றுதான் கூப்பிட வேண்டும். எந்தப் படையில் கர்னல் என்று ஒருமுறை கேட்டுவிட்ட ஆளுக்கு அடுத்த ஆண்டு உறுப்பினர் அட்டை வரவில்லை.

இந்தக் கழகத்துக்கு நிலம் செய்து தருபவர் டெரன்ஸ் விடோசன். மலை, ஓடை, வேலி, வயல், பண்ணை வீடு எல்லாம் அவர் கைவேலை. பல் மருத்துவர்களுக்குப் பொய்ப்பல் செய்து கொடுத்துப் பிழைத்தவர் என்பதால் சின்னக் கருவிகள் அவர் கையில் பேசும். மற்றபடி சாதுவான மனிதர். நிலம் என்று வந்துவிட்டால் மட்டும் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. அடுத்தவர் செய்த மலையைப் பார்த்தால், ஆறிப்போன ரொட்டியைப் பார்ப்பது போல ஒரு பார்வை பார்ப்பார். சொல்ல மாட்டார். பார்வையே போதும்.

அவருடைய நண்பர் ரோலண்ட் ஹக்கர்பி. கம்பளக் கடை வைத்திருந்தவர். கடையை விற்றுவிட்டார், குரலை விற்கவில்லை. ஒரே வரியை மூன்று விதமாக முழங்கி, கேட்டவரை மூன்று முறை தலையாட்ட வைக்கத் தெரிந்தவர் என்பதால், மேஜையில் அரசர் படைக்கு அவரே தளபதி. நிலம் விடோசன், படை ஹக்கர்பி. பல வருஷமாக இதுதான் ஏற்பாடு. வியாழக்கிழமை பிற்பகல்களில் விடோசனின் வண்டிக் கொட்டகையில் இருவரும் உட்கார்ந்திருப்பார்கள். விடோசன் வேலை செய்வார், ஹக்கர்பி தேநீர் குடித்துக்கொண்டு யோசனை சொல்வார்.

பிப்ரவரியில் பக்கத்து ஊரான குரோல்பிரிட்ஜ் கழகத்தோடு கேடயப் போட்டி. அதற்கென்று ஒரு சம்பிரதாயம் உண்டு. எந்த ஊரில் போட்டியோ, அந்த ஊர்தான் நிலம் அமைக்கும். அமைத்த நிலத்தைக் கட்டில் விரிப்பால் மூடி வைத்துவிடும். வந்தவர்கள் முதலில் தங்கள் படையை ஓரத்து மேஜைகளில் அணிவகுத்துக் காட்ட வேண்டும். எல்லோரும் வண்ணப்பூச்சைப் பார்த்துப் பாராட்டிய பிறகு, தேநீர், தலைவர் உரை, அதன் பிறகே விரிப்பு விலகும். எந்த நிலத்தில் சண்டை போடப் போகிறோம் என்பது வந்தவர்களுக்கு அதுவரை தெரியக்கூடாது. தெரிந்தால் அதற்கேற்ற படையைக் கொண்டு வந்துவிடுவார்களே.

தொடர்ந்து சில ஆண்டுகளாகக் கேடயம் குரோல்பிரிட்ஜுக்கே போய்க்கொண்டிருந்தது. கர்னல் பியர்ட்சல் நிர்வாகக் குழுவைக் கூட்டி, தோல்விக்குக் காரணம் நிலம்தான் என்று கண்டுபிடித்தார். இந்த முறையும் தோற்றால் கையால் செய்த நிலமே இனிக் கிடையாது, மலைகளும் வயல்களும் குப்பை வண்டிக்குப் போகும், அச்சடித்த ரப்பர் விரிப்புதான் என்று தீர்மானம் ஆயிற்று. விரிப்பை முன்கூட்டியே வாங்கியும் விட்டார். நல்ல பச்சைப் புல்வெளி. அது சுருட்டிய வாக்கில் கூடத்து அலமாரியில், அடித்துப் போட்ட பாம்பு மாதிரி சாய்ந்து கிடந்தது. விடோசன் அந்த அலமாரியைத் திறப்பதையே நிறுத்திவிட்டார்.

ஆகவே அந்தக் குளிர்காலம் முழுவதும் அவர் தம் உயிரைக் கொடுத்து ஒரு நிலம் செய்தார். குரோல்பிரிட்ஜ்காரர்களின் பலமே குதிரைப்படை. குதிரை ஓட முடியாத நிலம் எது? பனி உருகிச் சேறாகிக் கிடக்கும் அறுவடை முடிந்த வயல். காலாள் தட்டுத் தடுமாறிக் கடந்துவிடுவான். குதிரை வயிறுவரை இறங்கிவிடும் என்பது ஆட்ட விதி.

பனிக்குச் சமையல் சோடாவையும் மரவேலைப் பசையையும் குழைத்துப் பூசினார். அந்தக் கலவை சில வாரங்களில் மஞ்சளித்துப் போகும். மற்றவர்கள் கெட்டுவிட்டது என்று சுரண்டி எறிவார்கள். விடோசன் அந்த மஞ்சளுக்காகவே காத்திருந்தார்.

"இங்க பாரு டெரி, பனின்னா வெள்ளையா இருக்கணும். இது என்ன, நாய் ஒண்ணுக்குப் போன மாதிரி இருக்கு," என்றார் ஹக்கர்பி.

"உருகற பனி எங்கய்யா வெள்ளையா இருந்திருக்கு? போன மாசம் உன் வீட்டு வாசலைப் பாத்தியா?"

"என் வீட்டுல நாய் இருக்குய்யா."

அறுத்த பயிரின் அடிக்கட்டைகளுக்குத் தேங்காய் நார் மிதியடியைப் பிய்த்து நட்டார். சேற்றுக்கு, குடித்துப் போட்ட தேயிலையை அடுப்பில் உலர்த்திச் செங்கல் பொடியோடு கலந்தார். அந்தச் சேற்றில் பாதி ஹக்கர்பி குடித்த தேநீர். விடோசனின் மனைவி ஹிலரி சோடா வாங்கி வாங்கி, உங்கள் வீட்டில் எத்தனை பேருக்கு நெஞ்செரிச்சல் என்று கடைக்காரி விசாரிக்கும் நிலைமை வந்துவிட்டது.

நிலம் முடிந்ததும் படை. ஒவ்வொரு பொம்மையும் நாணய அகலத்தில் ஒரு காலடித் தட்டின் மேல் ஒட்டப்பட்டிருக்கும். அந்தத் தட்டில் என்ன மண், என்ன புல் என்பது இந்த ஆட்டக்காரர்களுக்கு மான அவமானப் பிரச்சினை. பனியில் நிற்கும் வீரன் காலடியில் கோடைப் புல் இருந்தால், கல்யாணத்துக்கு லுங்கியோடு போனவன் மாதிரி. விடோசன் அரசர் படை முழுவதற்கும் பழைய புல்லைச் சுரண்டிவிட்டு, அதே மஞ்சள் பனியும் நாரும் தேயிலைச் சேறும் வைத்தார்.

ஒரு குதிரைப் பிரிவை மட்டும் விட்டுவிட்டார். அது ஹக்கர்பி தம் கையாலேயே வண்ணம் பூசிய பிரிவு. டப்பாவிலிருந்து நேராக எடுத்து அப்பிய வண்ணம். குதிரைகளெல்லாம் வார்னிஷில் முங்கி எழுந்தவை போலப் பளபளத்தன. மேலே உட்கார்ந்திருந்த வீரர்கள், எரிவாயுக் கட்டணத்தைப் பார்த்துவிட்டவர்கள் போல விழித்துக்கொண்டிருந்தார்கள்.

"என் குதிரைங்க எங்க நிக்குது?" என்று கேட்டார் ஹக்கர்பி.

"பண்ணை வீட்டுக்குப் பின்னால. கடைசி நேரத்துக்குன்னு கைவசம் வெக்கறோம்."

"பின்னாலன்னா எவ்வளவு பின்னால?"

"பின்னாலன்னா பின்னாலதான். அதுவும் இல்லாம இது சேறு. நம்ம குதிரையும்தான் முங்கும்."

ஹக்கர்பி ஒன்றும் சொல்லாமல் தேநீரைக் குடித்தார். அவர் ஒன்றும் சொல்லாமல் இருப்பது அதிசயம் என்பது விடோசனுக்கு அப்போது உறைக்கவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டு வேலையைப் பார்த்தார்.

போட்டி நாள் காலையில் குரோல்பிரிட்ஜ் படை வந்து இறங்கியது. அதன் தலைவி திருமதி ஃப்ராகட் ஓய்வு பெற்ற மருத்துவச்சி. அட்டன்பிக் கழகத்தில் பாதிப் பேருடைய பிள்ளைகளை வெளியே எடுத்தவர். கர்னல் பியர்ட்சல் பிரசவ அறையில் மயங்கி விழுந்ததை நேரில் பார்த்தவர் என்பதால், கர்னல் அவரிடம் மட்டும் பதவியைக் காட்டுவதில்லை.

"வாங்க வாத்தே, இந்தப் பெட்டியை ஒரு கை பிடிங்க," என்றார் ஃப்ராகட் அம்மாள் விடோசனைப் பார்த்து. அந்தப் பக்கத்தில் செல்லமாகக் கூப்பிட அதுதான் சொல், பாதிரியார் முதல் பால்காரர் வரை எல்லோரும் எல்லோருக்கும் வாத்துதான்.

பெட்டிகள் திறந்தன. பாராளுமன்றப் படை ஒவ்வொரு தட்டாக ஓரத்து மேஜையில் ஏறியது. ஈட்டிக்காரர்கள், துப்பாக்கிக்காரர்கள், இழுத்துச் செல்லும் சிறு பீரங்கிகள். குதிரை ஒன்றுகூட இல்லை. விடோசனுக்கு முதலில் அதுதான் கண்ணில் பட்டது. பிறகு குனிந்து ஓர் ஈட்டிக்காரனை எடுத்துக் கண்ணருகே கொண்டு போனார்.

காலடித் தட்டில் மஞ்சள் பனி. பனிக்கு நடுவே நட்ட தேங்காய் நார். பூட்ஸைச் சுற்றிச் சேறு. நகத்தால் லேசாகச் சுரண்டினார். தேயிலை.

சுற்றிலும் எல்லோரும் ஆகா என்றார்கள். பெட்டியிலிருந்து வரும் ஒவ்வொரு வீரனும் தம் விரிப்புக்கு அடியில் கிடக்கும் வயலிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்துக் காலில் மாட்டிக்கொண்டு வருவது விடோசனுக்கு மட்டும் தெரிந்தது. அவருக்கும், இன்னும் ஒருவருக்கும்.

"பனி நல்லா வந்திருக்கே," என்றார்.

"மஞ்சளாப் போகுதேன்னு பயந்துட்டேன் வாத்தே. பொறுத்திருங்க, அந்த மஞ்சள்லதான் அழகே இருக்குன்னார். அவர் சொன்ன மாதிரியே வந்துச்சு."

"யார் சொன்னாங்க?"

"உங்க ஹக்கர்பிதான். அவர் கண்டுபிடிச்சதாமே இது. டார்பி கண்காட்சியில பாத்தேன். ஒரு ரொட்டியைத் தின்னு முடிக்கறதுக்குள்ள அத்தனையும் சொல்லிட்டார். கைகாரர்தான். குதிரைக்குப் பெயின்ட் அடிக்கறதை மட்டும் விட்டுட்டா."

"இன்னைக்கு நிலமும் இதுதான்னு..."

ஃப்ராகட் அம்மாள் அவரை நிமிர்ந்து பார்த்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத தொழிலிலிருந்து வந்தவர். "சொன்னார். நான் கேக்கல, அவராச் சொன்னார். காதுல விழுந்ததை விழாத மாதிரி வெச்சுக்க நான் என்ன பாவமன்னிப்பு குடுக்கற சாமியாரா?"

"உங்களுக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியக்கூடாதுன்னா, பழைய புல்லுத் தட்டோடயே வந்திருக்கலாமே நீங்க."

"புல்லோட வந்து பனியில நிக்கறதா? தோத்துக்கூடப் போவேன், அந்தக் கேவலம் என்னால முடியாது." அவர் குரலில் உண்மையான அதிர்ச்சி இருந்தது. விடோசன் ஈட்டிக்காரனை மேஜையில் திருப்பி வைத்தார். அவர் இடத்தில் தாமிருந்தாலும் அதையேதான் செய்திருப்போம் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

சமையலறையில் ஹக்கர்பி ரொட்டிகளைக் குறுக்காக அறுத்துக்கொண்டிருந்தார். விடோசன் கதவைச் சாத்தினார்.

"யோவ் ரோலண்ட்."

"சீஸும் வெங்காயமுமா, இல்ல பன்னியிறைச்சியா?"

"அந்தம்மா ஒரு குதிரைகூடக் கொண்டு வரல."

"வயசாயிடுச்சில்ல. தூக்க முடிஞ்சிருக்காது."

"பனி நீ கண்டுபிடிச்சதாமே."

கத்தி பாதி ரொட்டியில் நின்றது. "நாம ரெண்டு பேரும்னுதான் ஆரம்பிச்சேன் டெரி. பேசப் பேச நீ கழண்டுக்கிட்ட."

"சரி. பனியைச் சொன்ன. நிலத்தை ஏன்யா சொன்ன?"

வெளியே கர்னல் தொண்டையைச் செருமுவது கேட்டது. உரை தொடங்கப் போகிறது. ஹக்கர்பி கத்தியைத் துடைத்து வைத்தார். கடையில் வாடிக்கையாளரிடம் பேசும் குரல் போய், விடோசன் அதுவரை கேட்டிராத சின்னக் குரல் ஒன்று வந்தது.

"பண்ணை வீட்டுக்கு எதுக்கு மாடி வெச்ச?"

"என்னது?"

"முதல்ல மாடியில்லாமத்தான் கட்டின. என் குதிரைங்களைக் கொண்டாந்து காட்டினேன். அடுத்த வாரம் பாத்தா மேல ஒரு மாடி. நான் கம்பளம் வித்தவன்யா. அளவு எனக்குக் கண்ணுலயே தெரியும். என் ஆளுங்க தொப்பி நுனிகூட வெளிய தெரியல."

விடோசன் அறுத்து வைத்த ரொட்டிகளைத் தட்டில் அடுக்கத் தொடங்கினார். சொல்ல இருந்த பதில்கள் எல்லாம் பொய்.

"எல்லாருக்கும் பனி வெச்ச. சமையக்காரனுக்கு வெச்ச. கழுதைக்கு வெச்ச. என் குதிரைக்கு மட்டும் புல்லு."

"அதுக்கு என் மூஞ்சில ரெண்டு வார்த்தை திட்டியிருக்கலாமேய்யா. வாரா வாரம் வந்து உக்காந்து என் டீயைக் குடிச்சிட்டு, அங்க போய் அந்தம்மா காதுல..."

"டீயைத்தான் நீ திருப்பி எடுத்துக்கிட்டியே. சேறு பண்ண."

கர்னல் உரையில் "வாளின் நிழலில் வளர்ந்தவர்கள் நாம்" என்ற இடம் வந்தது. வருஷா வருஷம் வரும் இடம்.

திடீரென்று ஹக்கர்பி கிசுகிசுத்தார். "டெரி, விரிப்பை எடுக்கற வரைக்கும் நிலத்தை மாத்தலாம். விதியில இருக்கு. அலமாரியில அந்தப் பச்சை ரப்பர் இருக்கில்ல, மேல போட்டு மூடிடு. சேறில்லாத புல்வெளி. அவங்ககிட்ட குதிரையே கிடையாது. என் குதிரைங்க நேராப் போய் ஏறிடும். கேடயம் நமக்கு. தீர்மானமும் செல்லாது. உன் மலை, வயல் எல்லாம் தப்பிச்சுக்கும்."

யோசனையில் குற்றம் இல்லை. அதுதான் விடோசனுக்குப் பொறுக்கவில்லை. காட்டிக் கொடுத்தவனே தப்பிக்கும் வழியையும் வைத்திருக்கிறான். அந்த வழியில் போனால் நிலம் செய்யும் வேலை நிலைக்கும். ஆனால் வயல் ரப்பருக்கு அடியில் கிடக்கும். மேலே இந்த வார்னிஷ் குதிரைகள் ஓடி வெற்றி பெறும். தளபதி ஹக்கர்பி கேடயத்தோடு படம் எடுத்துக்கொள்வார். பொம்மைப் போர் மாத இதழிலிருந்து அதற்கென்றே ஒருவர் கேமராவோடு வந்திருந்தார்.

விடோசன் கூடத்துக்குத் திரும்பினார். அலமாரி அருகில் கொஞ்சம் நின்றார். கைப்பிடியில் கைகூட வைத்தார். பிறகு நடு மேஜைக்குப் போய், ஏதோ சரி செய்பவர் போல விரிப்பின் ஓரத்தைத் தூக்கித் தலையை உள்ளே விட்டுக்கொண்டார். உள்ளே மங்கலான வெளிச்சத்தில் வயல் கிடந்தது. சால்களில் தேங்கிய நீருக்காக வார்னிஷைப் பூசிப் பூசி உலர்த்தியது நினைவு வந்தது. ஓடைக்கரையில் யாரும் கவனிக்கப் போகாத ஒற்றைப் பூட்ஸ் ஒன்றைச் சேற்றில் விட்டு வைத்திருந்தார். யாரோ ஒருவன் காலை உருவிக்கொண்டு ஓடியது. இதை யாராவது பார்க்க வேண்டும். தோற்றாலும் பார்க்க வேண்டும்.

விரிப்புக்கு அடியில் அவர் செய்தது ஒன்றே ஒன்றுதான். பண்ணை வீட்டை, மாடியோடு சேர்த்து, பெயர்த்து எடுத்துத் தம் பைக்குள் போட்டுக்கொண்டார்.

கர்னல் உரை முடிந்தது. விரிப்பு விலகியது.

கூட்டம் மேஜையைச் சுற்றி நெருங்கியது. கர்னல்கூட மற்றவர்களைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார். ஃப்ராகட் அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, மேஜையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். ஓடைக்கரையில் நின்றார்.

"பூட்ஸு," என்றார்.

"ஆமா," என்றார் விடோசன்.

"இது ஹக்கர்பி செஞ்சது இல்ல," என்றார் அந்த அம்மாள். கேள்வியாகக் கேட்கவில்லை. தம் ஆட்களை எடுத்து வயலில் நிறுத்தத் தொடங்கினார். ஒவ்வொருவனும் வைத்த இடத்தில் காலூன்றிப் பிறந்தவன் போல நின்றான். விடோசன் தம் வயல் இவ்வளவு அழகாக இருந்து பார்த்ததில்லை. அழகாக்கியது எதிரிப் படை.

அரசர் படையும் திட்டப்படி வயலில் ஏறிய பிறகுதான் எல்லோர் பார்வையும் பின்னணிக்குப் போனது. பரந்த மஞ்சள் பனிக்கு நடுவே, மறைப்பு ஏதும் இல்லாமல், ஹக்கர்பியின் குதிரைப் பிரிவு பளபளத்துக்கொண்டு நின்றது. ஒவ்வொரு குதிரையின் காலடியிலும் வட்ட வட்டமாக, பச்சைப் பசேலென்று ஜூன் மாதம்.

கேமராக்காரர் அதைத்தான் முதலில் எடுத்தார். "இது என்னங்க, இவங்க மட்டும் புல்லைக் கையோட எடுத்துக்கிட்டு வந்திருக்காங்களா?"

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு மேஜையைச் சுற்றிப் பரவியது. கர்னல் விஷயம் புரியாமல் கடைசியாகச் சிரித்தார். குதிரைகள் வெளியே தெரிவதைப் பார்த்ததும் மலர்ந்திருந்த ஹக்கர்பியின் முகம், அந்தச் சிரிப்பு அவர் பக்கம் வந்து சேர்ந்தபோது கொஞ்சம் கொஞ்சமாக மூடியது. அவர் விடோசனைப் பார்த்தார். விடோசன் ஓடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிற்பகல் தேநீருக்கு முன்பே தோற்றுவிட்டார்கள். அரசர் படை சேற்றில் நடந்தது, பாராளுமன்றப் படையும் நடந்தது, ஆனால் சேறு என்று தெரிந்து வந்தவர்கள் நன்றாக நடந்தார்கள். ஹக்கர்பி கடைசியில் குதிரைகளை ஏவினார். அவை ஓடைவரை வந்து, விடோசன் திட்டமிட்டபடியே வயிறுவரை முங்கின.

கர்னல் பியர்ட்சல் தீர்மானத்தை அங்கேயே நடைமுறைப்படுத்தினார். ரப்பர் விரிப்பை உதறி விரித்து, "நவீன காலத்துக்குள் அடியெடுத்து வைக்கிறோம்," என்று அறிவித்தார். விரிப்பு சுருண்டிருந்த பழக்கத்தில் இரு முனையிலும் எழும்பி அவரை நோக்கி வளைந்தது. அவர் ஒரு முனையில் தேநீர்க் குடுவையை வைத்தார், மறுமுனையில் தம் முழங்கையை வைத்தார்.

வயலைக் குப்பை வண்டி கொண்டு போகவில்லை. ஃப்ராகட் அம்மாள் தம் வேனில் ஏற்றிக்கொண்டார். "நீங்களும் வாங்களேன் வாத்தே, எங்க பக்கம் வியாழக்கிழமைதான் கூடுவோம்," என்றார்.

"வியாழக்கிழமை எனக்கு..." என்று தொடங்கிய விடோசன், வாக்கியத்தின் மிச்சம் இல்லாததைக் கண்டு நிறுத்திக்கொண்டார்.

அந்த வாரம் வியாழக்கிழமை பிற்பகல் கொட்டகைக் கதவு தட்டப்பட்டது. அந்தத் தட்டல் யாருடையது என்று தெரியும். விடோசன் கதவைப் பாதி திறந்தார். ஹக்கர்பி ஒரு செருப்புப் பெட்டியோடு நின்றார். உள்ளே பஞ்சில் பொதிந்து குதிரைகள்.

"படம் அடுத்த மாசம் வருதாம்," என்றார்.

"வரட்டும்."

"ஹிலரி நல்லா இருக்காளா?"

"இருக்கா."

ஹக்கர்பி பெட்டியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். "இதுக்கும் பனி வெச்சுக் குடேன் டெரி. அவ்வளவுதான் நான் கேக்கறேன். அன்னைக்கே அவ்வளவுதான் கேட்டிருப்பேன்."

"சோடா தீந்து போச்சு," என்றார் விடோசன்.

அவர் தோளுக்குப் பின்னால், அலமாரித் தட்டில், பிரிக்காத சோடாப் பொட்டலங்கள் வரிசையாக இருந்தன. ஹக்கர்பி அவற்றைப் பார்த்தார். அவர் பார்ப்பதை விடோசன் பார்த்தார். தோளை நகர்த்தி மறைத்துக்கொள்ளவில்லை.

"சரி, வாங்கினதும் சொல்லு," என்றார் ஹக்கர்பி.

"சொல்றேன்."

கதவைச் சாத்திவிட்டு வந்து கெண்டியில் தண்ணீர் வைத்தார். ஒரு கோப்பைக்குத் தேயிலை எவ்வளவு என்பது கை மறந்திருந்தது, கூடப் போட்டுவிட்டார். கசந்தது. பாதி குடித்து வைத்துவிட்டு, தேயிலையைப் பழக்கத்தில் உலர்த்தும் தட்டில் கொட்டப் போனார். பிறகு தட்டைத் தள்ளி வைத்து, குப்பை வாளியைத் திறந்தார்.